வர்க்கலாவின் செங்குன்றும் ஊற்றுகளும்

கேரளத்தின் கடற்கரை பெரும்பாலும் தாழ்ந்து கிடப்பது. முதலில் ஒரு மணல்மேடு, அதன் பின்னால் காயல், காயலுக்கு அப்பால் தென்னந்தோப்பும் வயலும் என்றுதான் ஆலப்புழையிலும் கொல்லத்திலும் நிலம் கடலைச் சந்திக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள வர்க்கலாவில் இந்த ஒழுங்கு அறுந்துவிடுகிறது. அங்கே சிவந்த குன்றுகள் நேராகக் கடலோரம் வரை வந்து, சில இடங்களில் 15 மீட்டரும் சில இடங்களில் 25 மீட்டருக்கு மேலும் உயர்ந்து, கத்தியால் அறுத்ததுபோல் செங்குத்தாக நிற்கின்றன. வடக்கே எடவா முதல் தெற்கே வெட்டூர் வரை இந்தச் சுவர் விட்டுவிட்டுத் தொடர்கிறது. மேலே விளிம்பை ஒட்டி நடைபாதையும் விடுதிகளும் உணவகங்களும். கீழே பாபநாசம் கடற்கரை. வருகிறவர்கள் மாலை வெயிலில் அதன் நிறத்தைப் பார்த்து மகிழ்ந்து போகிறார்கள். அந்த நிறம், குன்றடியில் கசியும் ஊற்று, ஊற்றைச் சார்ந்த வழிபாடு, குன்றைக் குடைந்து சென்ற கால்வாய், மழைக்காலந்தோறும் நேரும் சரிவு ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: அந்தச் சுவருக்குள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மணலும் களிமண்ணும்.

கடற்கரை மணலில் நின்று சுவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் அதைப் படிக்கலாம். அடிப்பகுதியில் கருஞ்சாம்பல் நிறக் களிமண் தெரியும். தொட்டால் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். அதில் கரித்துண்டுகளாகிப்போன மரக்கட்டைகளும், மெல்லிய கீற்றுகளாகப் பழுப்பு நிலக்கரியும் இருக்கின்றன. அதற்கு மேல் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் மணற்கல். கல் என்று பெயர்தானே தவிர, பல இடங்களில் விரலால் சுரண்டினாலே மணலாக உதிரும் அளவுக்கு அது இளகியது. மணற்கல்லுக்கு நடுநடுவே வெளிறிய களிமண் பட்டைகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, மூடி வைத்ததுபோல் பல மீட்டர் தடிமனில் செங்கல் நிறத்தில் ஓர் அடுக்கு. அதுதான் புவியியலார் லேட்டரைட் என்று குறிப்பிடும் செம்புரைக்கல்.

இந்தப் படிவுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் ஆராய்ந்து 1882-இல் எழுதினார். அன்றைய ஆங்கில எழுத்துமுறைப்படி ஊரின் பெயரை ‘வர்க்கல்லி’ என்று எழுதி, அந்தப் பெயரையே படிவுகளுக்கும் சூட்டினார். அன்று முதல் கேரளக் கடலோரத்தில் இதே வகைப் படிவு எங்கு தென்பட்டாலும் அது ‘வர்க்கல்லி படிவு’தான். ஒரு பாறை வரிசைக்கு எந்த ஊரின் பெயர் வைக்கப்படுகிறதோ, அந்த ஊர்தான் அதன் மூலமாதிரி. பிற இடங்களில் கிடைப்பதை அதனோடு ஒப்பிட்டே அடையாளம் காண்பார்கள். வர்க்கலா சுவர் சரிந்து மறைந்தால் ஓர் அழகிய காட்சியோடு அந்த மூலமாதிரியும் போய்விடும். கிங்குக்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் இங்குள்ள பழுப்பு நிலக்கரிக் கீற்றுகளையும், கொல்லம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லையும் கவனித்திருந்தார்.

கொல்லத்துச் சுண்ணாம்புக்கல் கடல் உயிரிகளின் ஓடுகள் நிறைந்தது. அஷ்டமுடிக் காயல் கரையிலுள்ள படப்பக்கரையில் அது வெளியே தெரிகிறது. அது உருவான மயோசின் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 1.6 முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதி ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தது. பிறகு கடல் பின்வாங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிய ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. தேங்கிய காயல்களிலும் சதுப்புகளிலும் களிமண் படிந்தது. கரையோரக் காடுகளின் மரமும் இலையும் சேற்றில் புதைந்து, காற்றுப் படாமல் கரியாயின. அப்படிச் சேர்ந்ததே வர்க்கல்லி படிவு. ஆகவே இன்று கடலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் சுவரின் உள்ளே இருப்பது ஒரு பழைய காயல் நிலம். தமிழ்நாட்டுக் கரையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் திருவக்கரைக் கல்மரங்களையும் தனக்குள் வைத்திருக்கும் கடலூர் மணற்கல்லைப் புவியியலார் நெடுங்காலமாக வர்க்கல்லி படிவோடு ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள். தீபகற்பத்தின் இரு கரைகளிலும் ஆறுகள் ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

மேலே உள்ள செம்புரைக்கல் இப்படிப் படிந்து வந்ததல்ல. இருந்த பாறையே மாறிப்போனது. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில், ஆண்டுதோறும் மண்ணுக்குள் இறங்கும் நீர் பாறையிலிருந்து சுண்ணாம்பு, சோடியம், பொட்டாசியம் போன்றவற்றைக் கரைத்து எடுத்துச் செல்லும். நெடுங்காலத்தில் சிலிக்காவும் பெருமளவு கரைந்து போகும். கரையாமல் தங்குவது இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள். அந்த இரும்பின் துருதான் குன்றின் செந்நிறம். நிலத்துக்கு அடியில் ஈரமாக இருக்கும்வரை இதை அரிவாளாலும் மழுவாலும் செதுக்கலாம். வெட்டி வெளியே எடுத்து வெயில் காற்றில் போட்டால் இறுகிவிடும். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் வீட்டுச் சுவர்களுக்கு ஆகும் வெட்டுக்கல் இதுதான். உலகம் முழுவதும் இந்த வகைக் கல்லுக்கு வழங்கும் லேட்டரைட் என்ற பெயரை பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியான தம் பயண நூலில் வைத்தார். அவர் அதைப் பார்த்தது இதே கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில்.

இனி நீருக்கு வருவோம். செம்புரைக்கல்லில் துளைகளும் குழல் போன்ற பொந்துகளும் நிறைய உண்டு. மழை நீர் அதில் தேங்காமல் நேராக உள்ளே இறங்குகிறது. அதன் கீழுள்ள இளகிய மணற்கல்லும் நீரை எளிதில் விடுகிறது. களிமண் பட்டையைத் தொட்டதும் நீர் நின்றுவிடுகிறது. களிமண் அதைக் கீழே விடுவதில்லை. போக வேறு வழியில்லாமல் களிமண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பக்கவாட்டில் நகர்ந்து, குன்று அறுபட்டிருக்கும் கடல் பக்கத்தில் வெளியே வருகிறது. வர்க்கலாவின் ஊற்றுகள் அனைத்தும் இப்படிப் பிறந்தவை. சுவரின் நடுவே திடீரென ஒரு கோடு போட்டதுபோல் பாசியும் பெரணியும் வரிசையாக வளர்ந்திருக்கும் இடத்தைக் கவனித்தால், அதற்கு மேலே மணலும் கீழே களிமண்ணும் இருப்பது தெரியும். கோடையில் பருவமழை நின்று பல மாதங்கள் கழிந்த பின்னும் அந்தக் கோட்டில் நீர் கசியும். மேலே உள்ள மணற்கல் அவ்வளவு நீரைச் சேமித்து வைத்து, சிறுகச் சிறுக விடுகிறது. வடக்கே ஆலப்புழைக் கடலோரத்தில் நிலத்துக்கு வெகு அடியில் இறங்கிவிடும் இதே வர்க்கல்லி படிவு, அங்கே ஆழ்துளைக் கிணறுகளுக்கு நன்னீர் தரும் முக்கிய நீர்த்தாங்கியாக இருக்கிறது.

கருங்களிமண்ணில் மார்கசைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் சிறு உருண்டைகளாகக் கிடக்கிறது. உடைத்தால் வெளிறிய பொன்னிறத்தில் மின்னும். காற்றும் ஈரமும் பட்டால் அது நிலைப்பதில்லை. இரும்புச் சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் சிதைகிறது. அந்த அமிலம் களிமண்ணிலுள்ள அலுமினியத்தோடு சேர்ந்தால் படிகாரம் போன்ற உப்புகள் பூக்கும். சுவரின் அடியில் அங்கங்கே தெரியும் மஞ்சள், துருநிறக் கறைகளும் வெள்ளைப் பூப்பும் இதன் அடையாளங்கள். பாபநாச ஊற்று நீருக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்பது பழைய நம்பிக்கை. அந்த நீர் பல கனிமங்களைத் தழுவி வருகிறது என்பது வரைக்கும் புவியியல் சொல்லும். மருத்துவக் குணத்துக்கு அதனிடம் சான்று இல்லை.

உப்புக் கடலின் ஓரத்திலேயே, அலை தொடும் தூரத்தில், பாறையிலிருந்து நன்னீர் வருவது எந்தக் காலத்து மனிதரையும் நிற்க வைத்திருக்கும். இந்த இடத்தில் புனித நீராட்டும் நீத்தார் கடனும் வேர் பிடித்ததற்கு அந்த நீர் ஒரு பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். கடற்கரைக்குச் சற்று உள்ளே ஒரு மேட்டின் மேல் ஜனார்த்தன சுவாமி கோயில் இருக்கிறது. கோயில் எதிரே சக்கரதீர்த்தம் என்னும் குளம். கோயிலின் தொடக்கத்தை மரபு வெகு தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. கல்வெட்டுச் சான்று 13-ஆம் நூற்றாண்டு வேணாட்டு அரசர் செய்த திருப்பணியைச் சொல்கிறது. நாரதர் எறிந்த மரவுரி வந்து விழுந்த இடம் என்பது தலபுராணம். கோயிலில் டச்சுக் கப்பல் ஒன்றின் மணி தொங்குகிறது. காற்று விழுந்து கப்பல் நகராமல் நின்றபோது, அது மீண்டும் ஓடினால் மணியைக் காணிக்கையாக்குவதாகக் கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான் என்று ஊரார் சொல்கிறார்கள். பாய்மரக் காலத்தில் கடலிலிருந்து பார்க்கையில் தாழ்ந்த கரைக்கு நடுவே தனித்துத் தெரிந்திருக்கக் கூடிய குன்று இது.

கர்க்கடக மாத அமாவாசை, தமிழ்நாட்டில் ஆடி அமாவாசையாக வரும் நாள், பாபநாசம் கடற்கரையில் மிகப் பெரிய கூட்டம் கூடும் நாள். மறைந்த முன்னோருக்குப் பலி பிண்டம் வைத்துக் கடலில் முழுகுகிறார்கள். அந்த நாள் தென்மேற்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. அலையின் சீற்றம் மிகுந்திருக்கும், மணற்கரை குறுகியிருக்கும், குன்று ஊறிப்போய் இருக்கும் காலம் அது. ஒரே நாளில் அவ்வளவு மக்கள் சுவரின் அடியில் நிற்கிறார்கள் என்பதால்தான் இங்கே சரிவு பற்றிய ஆய்வு வெறும் ஏட்டு விஷயமாக இருக்க முடியாது.

கடலிலிருந்து உள்ளே சிறிது தூரத்தில் சிவகிரி. சாதியின் பெயரால் கோயிலும் கல்வியும் மறுக்கப்பட்ட மக்களுக்காக உழைத்த ஸ்ரீ நாராயண குரு 1904-இல் இந்தக் குன்றுக்கு வந்து தங்கினார். 1912-இல் இங்கே சாரதா தேவிக்கு எண்கோண வடிவில் ஒரு கோயில் எழுப்பினார். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும் கட்டடம் அது. வழக்கமான கோயில்களின் இருண்ட கருவறைக்கு நேர்மாறு. 1922-இல் தாகூரும் 1925-இல் காந்தியும் வந்து குருவைச் சந்தித்தார்கள். தமிழ் நன்கறிந்த குரு, தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றியவர்; திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் தந்தவர். 1928 செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் மறைந்தார். அவருடைய சமாதி மண்டபம் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை மஞ்சள் உடையில் மக்கள் சிவகிரிக்கு யாத்திரை வருகிறார்கள். யாத்திரைக்கு குரு வகுத்த எட்டு நோக்கங்களில் கல்வி, தூய்மை, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி ஆகியவை இடம்பெற்றுள்ளன. இப்படியொரு பட்டியலைக் கொண்ட யாத்திரை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

காயல்களின் தொடரை இந்தக் குன்று அறுத்துவிட்டது என்பது திருவிதாங்கூர் அரசுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கொப்பரையும் மிளகும் அரிசியும் வள்ளங்களில்தான் போய்வந்தன. வடக்கிலிருந்து வரும் வள்ளம் வர்க்கலாவுக்கு அந்தப் பக்கம் நடயறைக் காயலில் நின்றுவிடும். சரக்கை இறக்கி, தலைச்சுமையாகவும் வண்டியிலும் மேட்டைக் கடத்தி, இந்தப் பக்கம் வேறு வள்ளத்தில் ஏற்ற வேண்டும். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்த சர் டி. மாதவராவ் காலத்தில், 1867-இல், குன்றைக் குடைந்து கால்வாய் கொண்டுசெல்லும் வேலை தொடங்கியது. இரண்டு சுரங்கங்கள் தோண்டப்பட்டன. சிறியது 924 அடி நீளம், பெரியது 2,364 அடி. 1880 வாக்கில் வேலை முடிந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே ஷொரணூர் நோக்கிச் செல்லும் நீர்வழியில் இருந்த தடை நீங்கியது. 1918-இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின் சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது. சாலைகள் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. கால்வாய் தூர்ந்தது. கோவளம் முதல் பேக்கல் வரையிலான மேற்குக் கடற்கரைக் கால்வாய்த் திட்டத்தில் இந்தச் சுரங்கங்களையும் சீராக்கி நீர்வழியை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் கையால் இளகிய மண்ணுக்குள் இவ்வளவு நீளம் குடைந்து வெளியேறியது, பயணிகள் குன்றின் விளிம்பில் நின்று பார்க்கும் எதற்கும் குறைவில்லாத காட்சி. ஆனால் அங்கே போகிறவர்கள் சிலரே.

வர்க்கலாவுக்குத் தெற்கே, குன்றுகள் முடிந்து கரை மீண்டும் தாழ்ந்து மணலாகும் இடத்தில் அஞ்சுதெங்கு இருக்கிறது. 1684-இல் ஆற்றிங்கல் அரசியிடம் இடம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690-களில் அங்கே நான்கு மூலைகளிலும் கொத்தளம் வைத்த சதுரக் கோட்டையைக் கட்டியது. மிளகுதான் நோக்கம். 1721 ஏப்ரலில் அரசிக்குக் காணிக்கை கொண்டு ஆற்றிங்கலுக்குப் போன கம்பெனிக் கூட்டம், ஊர் மக்களின் எழுச்சியில் அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 140 ஆங்கிலேயர் கொல்லப்பட்டார்கள். கோட்டை மாதக்கணக்கில் முற்றுகைக்குள் இருந்தது. தலைச்சேரியிலிருந்து படை வந்த பிறகே மீண்டது. பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. இந்திய விடுதலை வரலாற்றில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. ஆற்காடு, திருச்சிராப்பள்ளிப் போர்களை விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 1728-இல் பிறந்தது இந்த அஞ்சுதெங்கில்தான். கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அருகிலுள்ள கலங்கரை விளக்கம் 1988-இல் எழுந்தது. அதன் மேலிருந்து பார்த்தால் வடக்கே செங்குன்றுகள் தொடங்கும் இடம் தெரியும்.

குன்றின் அடியிலுள்ள மணற்கரை ஆண்டு முழுவதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் உயர்ந்த அலைகள் மணலை இழுத்துக் கடலுக்குள் திட்டுகளாகக் குவிக்கின்றன. சில வாரங்களில் கரையே இல்லாமல் போய், அலை நேராகச் சுவரை அறைகிறது. மழை ஓய்ந்ததும் நீண்ட, அமைதியான அலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கின்றன. டிசம்பரில் வருகிறவர்களுக்கு அகலமான கடற்கரை கிடைக்கிறது. வடக்குப் பக்கத்தில் சில இடங்களில் மணல் கறுப்பாக இருக்கும். உள்ளங்கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் அந்த மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் உண்டு. பாறையிலிருந்து பிரிந்த மணலை அலை திரும்பத் திரும்பப் புடைக்கும்போது இலேசானது அடித்துச் செல்லப்பட்டு, கனமானது தங்குகிறது. இதே வகைத் தாது மணல்தான் கொல்லத்துக்கு வடக்கே சவறையிலும், 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் மோனசைட்டைக் கண்டறிந்த குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் செறிந்து கிடக்கிறது.

மேலிருந்து நீரும் கீழிருந்து அலையும் சேர்ந்து குன்றைக் கரைக்கின்றன. பருவமழையில் அலை அடியிலுள்ள களிமண்ணையும் இளகிய மணலையும் அரித்து உட்குழிவு உண்டாக்குகிறது. அதே சமயம் மேலே ஊறிய மழைநீர் களிமண் பட்டையின் மேல் தேங்கி மணல் துகள்களுக்கு இடையில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. துகள்களின் பிடி தளர்கிறது; கசியும் நீர் மணலை வெளியே இழுத்துவருகிறது. மேலிருக்கும் செம்புரைக்கல் இறுகியது, கனமானது. கீழே தாங்க எதுவும் இல்லாமல் போகும் நாளில் அது விளிம்புக்கு இணையாக வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. விழுந்த மண் சில வாரங்கள் அடியில் கிடந்து அலையிலிருந்து சுவரைக் காக்கும். அதையும் கடல் கொண்டுபோன பின் இதே சுழற்சி மறுபடி தொடங்கும். சுவர் செங்குத்தாகவே இருப்பதற்குக் காரணம் இந்த ஓயாத பெயர்ச்சிதான். சரிவே நடக்காத குன்று காலப்போக்கில் சாய்ந்து, செடி மூடி, சாதாரண மேடாகிவிடும்.

இயற்கையின் இந்த வேகத்தை மனிதர் கூட்டியிருக்கிறார்கள். வடக்குக் குன்றின் விளிம்பில் விடுதிகள் பெருகியபின், நீரைப் பெருமளவு பயன்படுத்தி, அதன் கழிவை அங்கேயே மண்ணுக்குள் விடும் குழிகளும் பெருகின. மழையில்லாத மாதங்களிலும் குன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. கழிவுநீர் போகும் வழியும் ஊற்று நீர் போகும் வழியும் ஒன்றே என்பதால் ஊற்றும் கெடுகிறது. கட்டடத்தின் பாரம், விளிம்பை ஒட்டி ஓடும் வண்டிகளின் அதிர்வு, அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளங்கள் எல்லாம் வெடிப்புகளை அகலமாக்குகின்றன. நடைபாதையின் சில பகுதிகள் ஏற்கெனவே கீழே போய்விட்டன.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இந்தச் சுவரைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனாலும் 2024-இல், பாபநாசத்தில் நீத்தார் கடன் செய்யும் மண்டபத்தின் மேல் சரியலாம் என்ற அச்சத்தில் குன்றின் ஒரு பகுதி இயந்திரத்தால் வெட்டி அகற்றப்பட்டது. அந்தத் துறை அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. மக்களின் உயிரும் முக்கியம், பாறையும் முக்கியம் என்ற இடத்தில் கடைசி நேரத்து இயந்திரம் இரண்டுக்கும் நல்லதல்ல. 2025 செப்டம்பரில் வர்க்கலாவின் இயற்கை மரபு யுனெஸ்கோவின் உலக மரபு உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. திருமலைக் குன்றுகளும் விசாகப்பட்டினத்துச் செம்மணல் மேடுகளும் அதே சமயம் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

செய்ய வேண்டியவை இந்தப் பாறையின் அமைப்பிலிருந்தே தெளிவாகின்றன. விளிம்பை ஒட்டிய கட்டடங்களும் வண்டிப் போக்கும் உள்ளே தள்ளப்பட வேண்டும். கழிவுநீர் குன்றின் மண்ணைத் தொடாமல் குழாய் வழியே வெளியேற வேண்டும். மழைநீர் விளிம்பின் மேல் வழியாமலிருக்க, உட்புறச் சரிவுக்குத் திருப்பும் வடிகால்கள் வேண்டும். வெட்டிவேர் போல ஆழமாகப் பிடிக்கும் புற்களும் உள்ளூர்ச் செடிகளும் மேல்மண்ணை ஓரளவு நிறுத்தும். அடியில் கற்களைக் கொட்டினால் அலையின் வேகம் குறையும்; ஆனால் அந்தக் கற்களுக்கு அப்பால் மணல் அரிப்பு கூடும், பாபநாசத்தின் கடற்கரையே சுருங்கும். ஆகவே கடல் பக்கத்து வேலையைவிட மேல் பக்கத்து நீரைக் கட்டுப்படுத்துவதுதான் இங்கே முதல் வேலை.